புருலுக்குக் கிடைத்த ஆசி

உலகத்துக் கல்லூரிகள் எல்லாம் யாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கின்றன. பிஷ்கெக்கில் உள்ள எங்கள் கட்டடப் பொறியியல் கல்லூரி ஒன்றுதான், சேர்ந்தவர் ஒருவரையும் வெளியே விடுவதில்லை என்ற மகத்தான கொள்கையோடு தலைநிமிர்ந்து நிற்கிறது. அதன் 'மாணவர் தக்கவைப்புக் குழு'வின் செயலாளன் என்ற முறையில் இதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இத்தகைய குழுவின் முன்னால்தான் மூன்றாம் ஆண்டு மாணவி புருல் வந்து நின்றாள். எந்த உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் பாடம் அவளுக்கு ஏறவில்லையாம். அதுவோ கட்டாயப் பாடம். அதை விட்டால் படிப்பையே விட வேண்டும். விட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போகிறேன் என்றாள்.

"ஏம்மா, இன்னொரு தடவை எழுதித்தான் பாரேன்," என்றார் முதல்வர் ராக்கியா எஜே. (எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா.)

"எத்தனை தடவைதான் எஜே எழுதுறது? நான் வீடு கட்டுனா யார் தலையிலயாவது விழும். நெனச்சாலே பயமா இருக்கு. என்னை விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

இப்படிப்பட்ட பொறுப்பற்ற பேச்சை எங்கள் குழு அதுவரை கேட்டதில்லை.

"விழும்போது பாத்துக்கலாம்மா," என்று ஆறுதல் சொன்னார் எஜே. "நீ போயிட்டா வருஷ அறிக்கையில ஒரு ஆள் குறையுமே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

நெடிய விவாதம் நடந்தது. நடுவில் ஆட்டிறைச்சி வந்தது, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி வந்தது; விவாதம் மேலும் ஆழமாயிற்று. தட்டுகள் காலியானபோது எங்களுக்கே இரக்கம் சுரந்துவிட்டது. பாடத்திலிருந்து அவளை விடுவித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. இனி அவள் தையலுக்குப் போகலாம்.

இங்கேதான் எங்கள் மண்ணின் பெருமை குறுக்கிட்டது. மூத்தவர் இரு கைகளையும் ஏந்தி ஆசி சொல்லாமல் விருந்திலிருந்து நாங்கள் எழுவதில்லை. குழுவின் மூத்தவர், நாங்கள் மரியாதையாக 'அகாய்' என்று அழைக்கும் ஆசிரியர் தோக்தோசுன், அப்போதுதான் தூக்கம் கலைந்தார். எதிரே ஒரு மாணவி. ஆண்டுதோறும் பட்டமளிப்பு விருந்தில் சொல்வதை அப்படியே எடுத்துவிட்டார்.

"மகளே, பெரிய எஞ்சினியரா வா! நீ கட்டுற வீட்டுல ஊரே குடியிருக்கட்டும்! ஓமின்!"

பழக்க தோஷம். நாங்களும் 'அப்படியே ஆகட்டும்' என்ற பொருளில் "ஓமின்" சொல்லி, வழக்கப்படி முகத்தைத் தடவிக்கொண்டோம்.

"ஐயையோ அகாய், நான் படிப்பையே விடுறேன்!" என்று அலறினாள் புருல்.

"குடுத்த ஆசியைத் திரும்ப வாங்கறதா? எந்த ஊர்ல நடக்கும் இந்த அநியாயம்?" என்று கொதித்தார் அகாய்.

நியாயம்தானே? ஆசியையும் மீறக் கூடாது, போட்ட கையெழுத்தையும் அடிக்கக் கூடாது. ஆகவே பாடத்தை விடலாம், பட்டத்தை விடக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். புருல் தேம்பித் தேம்பி அழுதாள். 'ஆனந்தக் கண்ணீர்' என்று பதிவு செய்தேன்.

ஆசி பலித்தது. இன்று அவள் தலைமைப் பொறியாளர். எங்களுக்கான ஆசிரியர் குடியிருப்பே அவள் கட்டியதுதான், ஒன்பது மாடி. சென்ற வாரம் குழுவினர் அனைவரும் குடிபுகுந்தோம். முற்றத்தில் ஒரு கம்பளிக் கூடாரம் இருந்தது. அதிலிருந்து புருல் வெளியே வந்து வணங்கினாள்.

"விருந்துக்குப் போட்ட கூடாரமா மகளே?" என்றார் தோக்தோசுன் அகாய்.

"இல்ல அகாய், நான் குடியிருக்கிறதே இதுலதான். மேல எனக்கும் ஒரு வீடு குடுத்தாங்க. கணக்குப் போட்டவ நான்தானே, வேண்டாம்னுட்டேன். நீங்க பயப்படாம ஏறுங்க. அது உங்க ஆசியிலதான் நிக்குது."