சாவி சுற்றிய மனை

சாவிச் சித்தர் வந்துவிட்டார்! அரங்கில் எள் போட இடமில்லை. ஆளுக்கொரு மனை வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். சித்தர் பித்தளைச் சாவியை நூலில் கட்டி வரைபடத்துக்கு மேலே தொங்கவிடுவார். அது வலமாகச் சுற்றினால் வங்கி முழுக் கடனையும் தந்துவிடும், ஒரே வருடத்தில் மனை விலை இரட்டிப்பாகும். இடமாகச் சுற்றினால்? இதுவரை சுற்றியதே இல்லை. விற்கிற மனையெல்லாம் சித்தரின் மச்சானுடையது. சாவிக்குக் குடும்பப் பாசம் கொஞ்சம் அதிகம்.

கூட்டத்தில் நின்ற தையற்காரர் ஒருவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் ஒரே கடையை நாளைக் காலை அடகு வைத்து ஒரு மனையை முடித்துவிடப் போகிறார். துணைக்கு வந்த மாமியார்தான் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

“கைக்காசே வேண்டாம்னு சித்தர் சொன்னாரே, மாப்பிள்ளை! அப்புறம் கடைய எதுக்கு அடகு வைக்கிறீங்க?”

“அது முன்பணம் அத்தை. கைக்காசுல சேராது.”

“சரி, மாசத் தவணை?”

“வர்ற வாடகையே கட்டிடும்.”

“காலி மனைக்கு யாரு வாடகை தருவா? காத்தா?”

தையற்காரர் யோசித்துப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை, தலை வலித்தது. “சாவி பொய் சொல்லாது அத்தை!” என்று முடித்துக்கொண்டார்.

அவர்கள் முறை வந்தது.

“சாமி, மனையப் பாக்குறது நீங்களா, சாவியா?” என்றார் மாமியார்.

“சாவிதாம்மா! நான் வெறும் கை.”

“அப்ப உங்களுக்குக் கண்ணு எதுக்கு?”

மாமியார் மருமகனின் தையல் பையிலிருந்து லைனிங் துணியை உருவிச் சித்தரின் கண்ணைக் கட்டினார். சித்தர் நெளிந்தார். கூட்டமோ புது அற்புதம் காணப்போகிற குஷியில், “நல்லா இறுக்கிக் கட்டுங்கம்மா!” என்று கைதட்டியது. பக்தியே வினையானது.

மாமியார் அதே பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் சாவிக்குக் கீழே விரித்தார். சாவி பம்பரமாய்ச் சுற்றியது.

“ஆகா! மூலை மனை! முன்னாடி அகல ரோடு! பேங்க்காரன் வீடு தேடி வந்து கடன் தருவான்! நாளைக்கே முடிச்சிடுங்க, விட்டா கிடைக்காது!”

தையற்காரர் காகிதத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அத்தை... இது டீச்சரம்மா ஜாக்கெட்டுக்கு நான் வெட்டி வச்ச அளவுப் பேப்பர். இடது கை!”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. தையற்காரருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. பாதிக் கண்ணீர் கடை தப்பித்ததற்காக. “சாவிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல” என்று முனகியபடி சித்தர் பின்கதவுக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. ஊரார் அதிர்ஷ்டத்தையெல்லாம் திறந்த சாவி, அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

மாமியாரும் மருமகனும் வாசலை நெருங்கும்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“அம்மா, அந்த மூலை மனை இன்னும் விலைக்கு இருக்கா?”

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க கழுத்துக்கு மேலயே ஒரு மனை ரொம்ப நாளா காலியாக் கிடக்கு தம்பி. முதல்ல அதுல ஏதாவது கட்டுங்க. அதுக்கு எந்த பேங்க்கும் கடன் தராது.”