தலை குனியாமல் விமானம் இறக்கிய விவரம்

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே என் நெற்றியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலியைப் பற்றி நான் விசாரித்ததாகச் சொல்லவும். விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, நான் பாஸ்.

முப்பத்தொரு வருஷமாக விமானம் ஓட்டுகிறவனுக்கு இந்த வயதில் என்ன பரீட்சை என்று கேட்பாய். எங்கள் புது விமானங்களில் கேப்டனின் கண்ணுக்கு நேரே ஒரு கண்ணாடித் தகடு தொங்குகிறது. ஹெட்-அப் டிஸ்ப்ளே என்று பெயர். வேகம், உயரம், போகிற திசை எல்லாம் அதில் பச்சையாக மிதக்கும். குனிந்து முள்ளைப் பார்க்க வேண்டாம். நிமிர்ந்தபடியே அதன் வழியாக வெளியே பார்த்து, மூடுபனியிலும் இறக்கலாம். அதற்குப் பயிற்சி, பிறகு பரீட்சை. எல்லாம் சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே நின்றுகொண்டு விமானம் மாதிரி ஆடுகிற பெட்டிக்குள். இரண்டு முறை தோற்றால் கேப்டன் நாற்காலி போய்விடும். ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு டியூட்டி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் நாளே அவசரமாக எழுந்து அந்தத் தகட்டில் நெற்றியை இடித்துக்கொண்டேன், மறுநாள் நாற்காலியை ஒரு விரற்கடை ஏற்றினால் மேல் எழுத்து காணோம், இறக்கினால் கீழ் எழுத்து காணோம், அதுக்கே அரை நாள் போச்சு, அப்புறம் பரீட்சையில பச்சைக் குறியை ஓடுபாதை மேல நூல் பிடிச்ச மாதிரி வச்சு, பஞ்சு மூட்டையை வைக்கிறாப்போல இறக்கினேன் அக்கா, எனக்கே கைதட்டணும்போல இருந்துச்சு. பரீட்சை வைக்கிற அதிகாரி ஒரு அம்மா, அவங்களும் கேப்டன்தான், சிரிச்சு யாரும் பார்த்ததில்லை. மெதுவா சொன்னாங்க: "லேண்டிங் அருமை சார். ஓடுபாதையில நின்ன லாரியைத்தான் நீங்க கவனிக்கலை."

சத்தியமா அந்த லாரி என் கண்ணுல படலை. கண்ணு முன்னாடி பச்சையா எழுத்து ஓடுறப்ப அதுக்குப் பின்னாடி யாரு பார்ப்பா? வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் தாள்ல பச்சை மையால நம்பர் எழுதி, சாப்பாட்டு மேசை விளக்குல கட்டித் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் என் மனைவி நின்னு விரலைக் காட்டுவா, நான் நம்பரைப் படிச்சுக்கிட்டே எத்தனை விரல்னு சொல்லணும். மூணு நாள் ஒண்ணும் சரியா வரலை. நாலாம் நாள் அவ கரண்டியைக் கீழே வச்சுட்டுச் சொன்னா: "எண்ணைப் பார்த்தது போதும். என்னைப் பாருங்க. எண் தானா கண்ணுல படும்."

பட்டுச்சு அக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் அவளை ஒழுங்கா பார்த்தேன்னு அவ சொல்றா, அது தனிக் கதை.

நேத்து ரெண்டாவது பரீட்சை. வெளியே பாலைக் கரைச்சு ஊத்தின மாதிரி மூடுபனி. எழுபது அடி உயரத்துல பச்சைக் குறி சரியா நிக்குது. அதுக்குப் பின்னால, ஓடுபாதை ஓரத்துல, ஒரு சின்ன விமானத்தோட வால் நிழலாட்டம் நகருது. கை தானா இன்ஜின் வேகத்தைக் கூட்டிடுச்சு, மேலே ஏறிட்டேன். சுத்தி வந்து மறுபடி இறங்கினா பலமான பக்கக் காத்து, குறி கண்ணாடி ஓரத்துக்கே ஓடுது, நான் விடலை, இறக்கிட்டேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. திரும்பி வர்றப்ப சிக்னல்ல நின்ன பக்கத்து கார்க்காரர்கிட்டகூட சொல்லிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் தெருவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் செய்தியைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பாஸான தம்பி

பின்குறிப்பு: யாரிடமும் சொல்லிவிடாதே. இப்போதுதான் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பரீட்சை வைக்கிற அதிகாரிகளுக்கும் வருஷத்துக்கு ஒரு பரீட்சை உண்டாம். அந்த அம்மாவுக்குக் கெடு போன வாரமே முடிந்துவிட்டதாம். ஆகவே அவங்க போட்ட கையெழுத்து செல்லாது. வியாழக்கிழமை முதலில் அவங்களுக்குப் பரீட்சை, பிறகு மறுபடியும் எனக்கு. சற்று நேரத்தில் அவங்களே கூப்பிட்டாங்க. "சார், கோ-பைலட்டா என் பக்கத்துல நீங்க உட்கார முடியுமா? கொஞ்சம் பயமா இருக்கு." வர்றேன்னு சொல்லிட்டேன் அக்கா. வியாழன் எப்போ வரும்னு இருக்கு.