பாதுகாப்பான திசை

துப்பாக்கிக்குள் வெடிமருந்தும் குண்டும் இருக்கின்றன என்பதை நண்பன் வேலுமணி விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஃபோனில் சொன்னான்.

"ஏனுங்கண்ணா, உங்க கராஜ்ல ஒரு நீளப் பெட்டி வெச்சிருக்கேன். பாத்தீங்களா?"

"எப்படா வெச்ச?" என்றான் நெடுஞ்செழியன். பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏர்போர்ட் வர்ற வழியில. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. கராஜ் கதவோட கோடு நம்பர்தான் எனக்குத் தெரியுமே."

"என்ன பெட்டி?"

"நம்ம மஸில்லோடர் துப்பாக்கிங்க. நான் ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் அது இருக்கற வீட்டுல தனியா இருக்க மாட்டேன்னு கண்மணி சொல்லிட்டா. சரி, அண்ணன் வீடும் நம்ம வீடுதானேன்னு..."

"டேய், இன்னிக்கு செல்வியோட டேகேருக்கு இன்ஸ்பெக்ஷன்டா! பத்து மணிக்கு ஆள் வர்றாங்க!"

"அது பாட்டுக்கு ஓரமாக் கெடக்கட்டும்ங்க. பெட்டிய மட்டும் தொறந்துறாதீங்க. லோடு பண்ணியிருக்கு."

"லோடுன்னா?"

"மருந்து போட்டு, குண்டு போட்டு, இடிச்சு வெச்சிருக்கு. சுடப் போற நேரத்துல இடி மின்னல்னு சுடற ரேஞ்ச மூடிட்டாங்க."

"எடுத்துட வேண்டியதுதானே?"

"குழாயோட வாய் வழியாப் போடறதுங்க இது. சுட்டாத்தான் வெளிய வரும். ஃபோன ஆஃப் பண்ணச் சொல்றாங்கண்ணா. ஊருலருந்து என்ன வாங்கிட்டு வரட்டும்?"

பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. வாயில் நுரையோடு நெடுஞ்செழியன் கராஜுக்கு ஓடினான்.

பெட்டி அங்கேதான் இருந்தது. அவன் மனைவி தாமரைச்செல்வி வீட்டிலேயே தொடங்கப்போகும் குழந்தைகள் டேகேருக்காக வாங்கி வைத்திருந்த குட்டி நாற்காலிகளுக்குப் பக்கத்தில்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி டெக்ஸாஸின் ஆலன் நகரத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பாட்லக் விருந்திலும் வேலுமணி அதைப் பற்றித்தான் பேசுவான். கிரீன் கார்டு வராதவர்களும் இதை வாங்கலாம் என்று கடைக்காரன் சொன்னானாம். பழைய காலத்துத் துப்பாக்கியைப் போலக் குழாயின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, மேலே குண்டை இடிக்க வேண்டும். ஆனால் பற்றவைக்கத் திரியும் இல்லை, கேப்பும் இல்லை. ஒரு பேட்டரி. விசையைத் தொட்டால் கரண்ட் பாயும், மருந்து பற்றும். "மழையில நனைஞ்சாலும் சுடும்ங்க. அவ்வளவு ரிலையபிள்" என்பான்.

நெடுஞ்செழியன் ரிலையபிலிட்டி இன்ஜினியர். மருத்துவமனைக் கருவிகள் எப்படியெல்லாம் பழுதாகும் என்று கண்டுபிடிப்பது வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் பழுதாகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"இங்க என்னங்க பண்றீங்க?" தாமரைச்செல்வி வாசலில் நின்றாள். கையில் ப்ளக் பாயிண்டுகளை மூடும் பிளாஸ்டிக் மூடிகள். "பெட்டில என்ன?"

அவன் சொன்னான். அவள் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை செய்வதற்கான அனுமதி அட்டைக்காக வருஷக்கணக்கில் வீட்டிலேயே இருந்தவள். அட்டை வந்ததும் முதல் காரியமாக டேகேருக்கு விண்ணப்பித்தாள். ஆறு குழந்தைகளின் அம்மாக்கள் தினமும் ஃபோன் செய்துகொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை திறப்பு.

"வீட்ல ஆயுதம் இருக்கான்னு கேட்டிருந்தாங்க. இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அப்ப இல்லைதானே?"

"இப்ப இருக்கே! தூக்கி அவங்க வீட்லயே போட்டுட்டு வாங்க."

"கண்மணி ஆஸ்பத்திரி ட்யூட்டிக்குப் போயிருக்கும். ஃபோன எடுக்கல. அவங்க கராஜ் கோடு எனக்குத் தெரியாது."

"அவருக்கு நம்ம கோடு தெரியுது. உங்களுக்கு அவர் கோடு தெரியல. இதுதான் உங்க ஃப்ரெண்ட்ஷிப்பு."

"கார்ல வேற எங்கயாவது எடுத்துட்டுப் போலாம். ஆனா வழியில ஸ்பீட் பம்ப், குலுங்கும்."

"வேண்டாம்."

நெடுஞ்செழியன் யோசித்தான். பேட்டரியில் ஓடும் பொருள். பேட்டரியை எடுத்துவிட்டால் வெறும் இரும்புக் குழாய்.

பெட்டியைத் திறந்தான். துப்பாக்கிக் கட்டையின் அடியில் ஒரு திருகுமூடி இருந்தது. அதற்குள்தான் பேட்டரி. திருகினான். எந்தப் பக்கம் திருகுவது என்று பார்க்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சைன்னா என்னங்க?"

"ரெடின்னு அர்த்தம்."

"எதுக்கு ரெடி?"

அவன் மறுபக்கம் திருகி, மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கினான். விளக்கு உடனே அணையவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அணைந்தது.

"அப்பாடா" என்றாள் தாமரைச்செல்வி.

"என்ன அப்பாடா? பேட்டரி இல்லாம எப்படி எரிஞ்சுது? உள்ள சார்ஜ் தங்கியிருக்கு."

"அதான் அணைஞ்சிடுச்சே."

"லைட்டு அணைஞ்சிடுச்சு. சார்ஜ் போயிடுச்சான்னு யாருக்குத் தெரியும்? லைட்டே ரிப்பேர் ஆகியிருக்கலாம்."

"இப்படியே பேசிப் பேசித்தான் உங்களுக்கு ப்ரோமோஷன் வரல."

துப்பாக்கிக் கம்பெனியின் உதவி எண்ணைப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தார்கள். கூப்பிட்டான். எங்களுக்கு உங்கள் பாதுகாப்பே முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு கிடார் வாசிக்கப் போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். கிடார் நிற்கிற வழியாக இல்லை.

"மருந்துதானே?" என்றாள் தாமரைச்செல்வி. அவள் பிறந்த ஊர் சிவகாசிக்குப் பக்கம். "நமுத்துப் போன சரம் வெடிக்குமா? தண்ணிய ஊத்துங்க."

"அது பட்டாசு."

"மருந்து எல்லாம் ஒண்ணுதான். எங்க ஊர்ல ஒரு மழை வந்தா மொத்த வருமானமும் போயிடும். எனக்குத் தெரியாதா?"

அவன் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தான். அவள் எண்ணெய் ஊற்றும் எவர்சில்வர் புனலைக் கொண்டுவந்து குழாயின் வாயில் செருகி, சொம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பால் காய்ச்சி வீடு புகுந்த அன்றைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து இவ்வளவு பயபக்தியாக எதையும் செய்ததில்லை. தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது.

கிடார் நின்றது.

"உதவி மையம், என் பெயர் ப்ரூக். என்ன உதவி வேண்டும்?"

நெடுஞ்செழியன் ஆதியிலிருந்து சொன்னான். பேட்டரியை எடுத்தவரைக்கும் "மிக நல்லது சார்" என்றாள் அந்தப் பெண். தண்ணீரைச் சொன்னதும் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது.

"ஹலோ?"

"சார், மருந்துக்கு மேலே குண்டு இருக்கும். அது பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே போகாது."

"அப்படியென்றால்?"

"மருந்து காய்ந்தேதான் இருக்கிறது. நீங்கள் குழாயை அடைத்திருக்கிறீர்கள். இப்போது அது வெடித்தால் குண்டு வெளியே போவதற்குப் பதிலாகக் குழாயே பிளந்துவிடலாம்."

தாமரைச்செல்வி சொம்பைக் கீழே வைத்தாள்.

"சார், அதை இப்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?"

"நான்தான்."

"வேறு ஒருவரும் கிட்டே வர வேண்டாம். உலுக்காதீர்கள், சாய்க்காதீர்கள்; தண்ணீர் வழிந்து மின்சுற்றில் பட்டால் பற்றிக்கொள்ளலாம். பாதுகாப்பான திசையைப் பார்த்து நிறுத்துங்கள். போலீசைக் கூப்பிடுங்கள்."

நெடுஞ்செழியன் சுற்றிலும் பார்த்தான். முன்னால் சமையலறை. இடப்பக்கச் சுவரைத் தாண்டினால் அடுத்த வீடு, வலப்பக்கமும் அப்படியே. மேலே குழந்தைகள் தூங்குவதற்கென்று தாமரைச்செல்வி மேகம் வரைந்து வைத்த அறை. முப்பது வருஷக் கடனில் வாங்கிய வீட்டில் ஒரு துப்பாக்கிக்குப் பாதுகாப்பான திசை இல்லை.

"கதவைத் திற" என்றான்.

கராஜ் கதவு மெல்ல மேலே போனது. அவன் வேட்டியோடு, துப்பாக்கியை வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் தளும்பாமல் அடிமேல் அடி வைத்து வாசல் டிரைவ்வேயில் இறங்கினான்.

நாயோடு நடந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கிழவர் நின்றார்.

"அழகான ரைஃபிள். எலக்ட்ரானிக்கா?"

"ஆமாம்."

"நம்பகமானதா?"

"ரொம்ப" என்றான் நெடுஞ்செழியன். அழுகை வந்தது.

கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு அவர் நாயோடு போய்விட்டார். டெக்ஸாஸ்காரர்களால் பிரச்சினை வரவில்லை. எதிர் வீட்டு மாடியில் விசாலாக்ஷி ஆன்ட்டி துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

ஆலன் தமிழ் மகளிர் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. *நெடுஞ்செழியன் கையில் துப்பாக்கியுடன் வாசலில் நிற்கிறார். வேலை போய்விட்டதோ?*

தாமரைச்செல்வியின் ஃபோன் இடைவிடாமல் ஒலித்தது.

"என்னவாம்?" என்றான் அவன், கழுத்தைத் திருப்பாமல்.

"எந்தக் கம்பெனில லே ஆஃப்னு கேக்கறாங்க. குரூப்ல ஹம்சா, எங்க கம்பெனிலயும் சொல்றாங்கன்னு அழற ஸ்மைலி போட்டிருக்கா."

"நீ போலீசைக் கூப்பிட்டியா?"

"விசாலாக்ஷி ஆன்ட்டி ஏற்கெனவே கூப்பிட்டுட்டாங்களாம். அதையும் போட்டிருக்காங்க."

மூன்று கார்கள் வந்தன. கதவுகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டு ஓர் அதிகாரி கத்தினார்.

"துப்பாக்கியைக் கீழே போடு!"

"முடியாது!"

"கீழே போடு!"

"தண்ணீர் கொட்டிவிடும்!"

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை.

தாமரைச்செல்வி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். "சார், என் கணவர் நல்லவர். அது எங்களுடையது இல்லை. நண்பருடையது."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், மேடம்."

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. புல்வெளியில் டேகேருக்காக வாங்கிய, ஆமை வடிவ மணல்தொட்டி இருந்தது. நெடுஞ்செழியன் அதில் துப்பாக்கியைச் செடி நடுவது போல நட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான். ஆமையின் முதுகிலிருந்து ஒரு குழாய் வானத்தைப் பார்த்து நின்றது.

அதிகாரிக்கு விளக்கம் சொல்லும்போதுதான் அவன் இன்னொரு தவறு செய்தான். தொழில் புத்தி. எதையும் விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். பேட்டரி, வயர், தங்கியிருக்கும் மின்சாரம், மருந்து, அடைபட்ட குழாய். இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் ஒரு போலீஸ்காரரிடம் சொல்லக் கூடாது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு முனைகளிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள். வெடிகுண்டுப் பிரிவின் வண்டி வந்தது. எல்லா வீட்டுக்காரர்களையும் முனைக்கு அனுப்பினார்கள். விசாலாக்ஷி ஆன்ட்டி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "வேலை போனா என்னப்பா, வேற கிடைக்காதா?" என்று அவன் தோளைத் தட்டினார்.

"ஆன்ட்டி, எனக்கு வேலை போகல."

"அதையும் குரூப்ல போட்டுடறேன். எல்லாரும் கவலைப்படறா."

சரியாகப் பத்து மணிக்கு நாடாவுக்கு வெளியே ஒரு சின்னக் கார் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நரைத்த தலையோடு ஓர் அம்மாள் இறங்கினார்.

"தாமரை... செல்வி? நான் டார்லீன். டேகேர் இன்ஸ்பெக்ஷன்." வெடிகுண்டை அகற்றும் ரோபோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தார். "உங்கள் வீடு எது?"

தாமரைச்செல்வி ரோபோ போகும் திசையைக் காட்டினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நெடுஞ்செழியன் பல வருஷங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மறைத்துப் பயனில்லை. இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். நண்பன், விமானம், பச்சை விளக்கு, தண்ணீர். டார்லீன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அதிகாரியிடம் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்த வேலையில் நான் நிறையப் பார்த்துவிட்டேன்" என்றார். "நான் வருகிறேன் என்று தெரிந்தால் துப்பாக்கியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள். துணிக்கூடையில் ஒளித்து வைப்பார்கள். லோடு ஆன துப்பாக்கி என்று தெரிந்ததும் பேட்டரியை எடுத்து, கம்பெனிக்குப் பேசி, உயிரைப் பணயம் வைத்து வெளியே கொண்டுவந்து, தெருவையே காலி பண்ணினவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

தாமரைச்செல்வி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தண்ணீர் ஊற்றியது முட்டாள்தனம். ஆனால் உங்களிடம் நான் என் பேரனை விடுவேன்." பேனாவைத் திறந்தார். "எனக்கு ஒன்றுதான் வேண்டும். ரோபோ அதைத் திறந்து, உள்ளே இருக்கிற மருந்தையும் குண்டையும் எடுக்கட்டும். அகற்றப்பட்ட ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் ஒன்றுமில்லாததற்குத் தெருவையே கலவரப்படுத்தினவர்களிடம் குழந்தைகளை ஒப்படைத்தேன் என்று ஆகிவிடும்."

"கண்டிப்பாக" என்றான் நெடுஞ்செழியன். காலையிலிருந்து முதல்முறையாக அவன் தோள் தளர்ந்தது. தாமரைச்செல்வி அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

ரோபோ புல்வெளியில் ஏறி, ஆமையை நெருங்கி, கையை நீட்டியது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அப்போது ஆஸ்பத்திரிச் சீருடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலுமணியின் மனைவி கண்மணி ஓடி வந்தாள். வாட்ஸாப்பை இப்போதுதான் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்கண்ணா, எதுக்குங்க இத்தனை போலீசு? அதுக்குள்ள ஒண்ணுமே கெடையாதுங்க! கொழந்தைங்க வர்ற வீடாச்சே, லோடு பண்ணியிருக்குன்னு சொன்னாத்தான் அண்ணன் தொடாம இருப்பாருன்னு, சேஃப்டிக்கு அப்படிச் சொல்லப்போறேன்னு சொல்லிட்டுத்தாங்க போனாரு!"