இரண்டாம் நம்பர் மிஷினுக்கு வந்த வயிற்றுவலி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் வயிற்றுவலியைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தியவன் நான்.

கும்மிடிப்பூண்டியில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நான் ஷிப்டு சூப்பர்வைசர். தரம் பார்க்கும் மேஜையில் இருந்தவர் சார்ட் அக்கா. அளந்து புள்ளி வைக்காமல் இந்த உலகத்தில் எதையும் நம்பாதவர். கேன்டீன் இட்லிக்கே வெர்னியர் அளவுகோலை வைத்து, "நேத்தவிட மூணு மில்லிமீட்டர் கம்மி, மாஸ்டர்" என்று திருப்பி அனுப்பியவர். ஆரம்பாக்கத்தில் தனி ரூம். சாப்பாடும் தனி மேஜையில். பக்கத்தில் உட்கார்ந்தால் நம்மையும் அளந்துவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம்.

ஒருநாள் அவர் மேஜையில் ஒரு சார்ட். தலையில் '2'. சிவப்புப் புள்ளிகள் எல்லைக்கோட்டைத் தாண்டி எட்டு, ஒன்பது என்று ஏறியிருந்தன. வேறென்ன, இரண்டாம் நம்பர் மிஷின்தான் என்று ஓடிப்போய் நிறுத்தினேன். ஃபிட்டர் அரை மணி நேரம் கழற்றிப் பார்த்தார்.

"மிஷினு கல்லு மாதிரி கீது சார். உனக்கு இன்னா பேஜாரு?"

அக்கா வந்து தாளை மடித்தார். "அது மிஷினு இல்ல தம்பி. என் வயிறு."

எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலம் மாதிரி ஒன்று வெளியே வளர்ந்து உயிரை வாங்கும் நோய். டாக்டர் ஹார்மோன் மருந்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க, அக்கா சப்ளையர் அனுப்பிய சாம்பிளைப்போல ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்து ஒரு வலி சார்ட் போட்டிருந்தார்.

"மொதல்ல கருத்தடை மாத்திர. வலி பத்துக்கு ஆறுன்னு எறங்கிச்சு, ஆனா நாஷ்டா உள்ள நிக்கல. ரெண்டாவது ஊசி, மூணு மாசத்துக்கு ஒண்ணு. தீட்டு நிக்காம போய்க்கினே கீது, வலியும் கேக்கல. மூணாவது, தெனம் ஒரே நேரத்துக்குப் போடுற வேற மாத்திர. அடுத்த வாரம் ஆரம்பம்."

"ஊட்ல இன்னா சொல்றாங்க?"

"கல்யாணம் பண்ணா சரியாப்பூடுமாம். அதுக்கு எவனும் சார்ட் காட்டல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வலிக்காக அவர் எடுக்கும் லீவு மூன்று மாதத்துக்குள் குறையாவிட்டால் வேலை போய்விடும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதுவரை உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அக்காவைத் திருவள்ளூர் பக்கம் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேன்டீனில் அந்தத் தனி மேஜையில் இப்போது நான். இட்லி மெலிந்துகொண்டே போகிறது, கேட்க ஆளில்லை.

மூன்றாவது மாதம் முடிந்த அன்று, பயந்துகொண்டே மெசேஜ் போட்டேன்: "வலி எத்தினி, அக்கா?" ஷிப்டு முழுக்கப் பதிலில்லை. கைபேசியைப் பார்த்துப் பார்த்து இரண்டு தடவை கதவில் முட்டிக்கொண்டேன். சங்கு ஊதும் நேரத்துக்கு வந்தது:

"ரெண்டு. போயி மிஷினப் பாரு."