சம்மன் அங்கிளின் நடைபாதை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் போலீஸுக்குப் பயப்படாத ஆட்கள் நிறைய உண்டு. சம்மன் அங்கிளுக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. இத்தனைக்கும் அவருக்கு யூனிஃபார்ம் இல்லை, சம்மன் என்கிற அபராதச் சீட்டு எழுதும் அதிகாரமும் இல்லை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். லோரியைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, அதன் ஹாரனைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டார்.

எல்லாம் அவர் மனைவியால் வந்தது. ஆன்டிக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் வெளியே நடக்காவிட்டால் கால் அப்படியே மடங்கிப் போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் பிளாட்டுக்குக் கீழேயே, கோயில் வரைக்கும் நல்ல நடைபாதை. படி கிடையாது. கண் தெரியாதவர்களுக்காக மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள், பூ வாளி, கடைப் பலகை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு, மனுஷனுக்குத்தான் இல்லை. முதல் நாள் வாக்கரோடு இறங்கிய ஆன்டி இரண்டு மோட்டாருக்கு நடுவே மாட்டிக்கொண்டு அழுதேவிட்டார். "இனிமே நான் கீழ வரவே மாட்டேன்."

மறுநாளே அங்கிள் களத்தில் இறங்கினார். வழியை அடைத்து நிற்கும் மோட்டார் மேல் ஏறி உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்தபடி சொந்தக்காரருக்காகக் காத்திருப்பார். முதலில் சிக்கியவர் சாப்பாடு டெலிவரி செய்பவர்.

"அங்கிள், அஞ்சு நிமிஷம்தான் லா!"

"சரி பாஸ். சம்மனும் அஞ்சு நிமிஷம்தான். என் வீட்டுக்காரி கைய புடிச்சு கோயில் வரைக்கும் நட."

ஆன்டியால் மறுக்க முடியவில்லை. பாவம், முன்பின் தெரியாத ஒருவர் தனக்காக வேலை கெட்டு நிற்கிறாரே! இறங்கி வந்தார். பார்சலைத் தேடிக்கொண்டு வந்த வாடிக்கையாளரும் கூடவே நடந்தார்.

அதற்கப்புறம் தினமும் யாராவது மாட்டினார்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை முதலாளி, பலகையை நடுவழியில் வைத்ததற்காக வேர்க்க விறுவிறுக்க நடந்தார். கிளினிக்கில் அவருடைய சர்க்கரை இறங்கியிருப்பதாகச் சொன்னதும், சம்மன் இல்லாமலே வர ஆரம்பித்துவிட்டார். மசாஜ் செண்டரில் வேலை பார்க்கும் கண் தெரியாத அண்ணன் ஒருநாள் கைத்தடியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் அங்கிள் இந்த மஞ்ச கல்லு என் காலுக்கு ஆப்டுது." ஊருக்கே சத்தம் போடும் அங்கிள், அன்றைக்குக் கல்லை ஒட்டியிருந்த ஒரு பூ வாளியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார்.

நடைபாதை காலியானது. காலையில் ஒரு கூட்டமே நடந்தது, நானும்தான். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறேன் என்றால் அதற்கு அந்த மனுஷன்தான் காரணம்.

போன வாரம் ஆன்டி வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, நீட்டிய கைகளையெல்லாம் தட்டிவிட்டுத் தனியாக நடந்தார். அங்கிளுக்கு உயிரே இல்லை. எங்கே விழுந்துவிடுவாரோ என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே, நட்டநடுப் பாதையில் நின்றார்.

ஆன்டி நின்றார். முறைத்தார்.

"வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிறது யாரு? உங்களுக்கு மட்டும் சம்மன் இல்லையா? வாங்க, கூட நடங்க."

அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி, அவர்களுக்கு வழி விட்டோம்.