கனத்த குண்டுக்கு எந்தக் கூடு

இந்த வருடம் டெல்பர்ட்டை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். டெல்பர்ட் பக்கத்துப் பண்ணைக்காரன். ஆயிரம் கஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டைச் சுடும் போட்டியில் நான்கு வருடங்களாக அவன்தான் முதல். என் குண்டுகள் எங்கள் வயோமிங் மாநிலத்துக் காற்று கூப்பிட்ட பக்கமெல்லாம் போகும். குண்டு கனமாக இருந்தால் போகாது. அதற்குப் புதுத் துப்பாக்கி வேண்டும். அதற்கு மார்லிஸ் சம்மதிக்க வேண்டும்.

மார்லிஸ் என் மனைவி. நல்ல துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்க இன்னொன்று எதற்கு என்பது அவள் கட்சி. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். இருப்பதை அவளுக்கே கொடுத்துவிட்டால் எனக்குத் துப்பாக்கியே கிடையாது. இல்லாதவன் வாங்கித்தானே ஆக வேண்டும்? என் மூளையை மெச்சிக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை.

கல்யாண நாளன்று பழைய துப்பாக்கியை நீட்டினேன்.

"எனக்கா?"

"உனக்கேதான்."

"திருப்பிக் கேக்க மாட்டியே, வெண்டெல்?"

"சத்தியமா மாட்டேன்."

"அப்ப நீ எதால சுடுவே?"

முகத்தைத் தொங்கப் போட்டேன். "பாவம்," என்றாள். "கிளைட்கிட்ட சொல்லி ஒண்ணு செஞ்சுக்கோ."

கிளைட் எங்கள் ஊர்த் துப்பாக்கி செய்பவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தக் கூடு?"

கூடு என்றால் தோட்டாவின் பித்தளை உடம்பு. உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. குட்டைக் கூடு, நெட்டைக் கூடு, நடுவாந்திரமாக என் பழைய துப்பாக்கியின் கூடு. யோசித்துச் சொல்கிறேன் என்று மூன்றையும் வாங்கிவந்து சமையலறை மேஜையில் நிறுத்தினேன். அன்றைக்கு என் நிம்மதி போயிற்று.

"இதுல என்ன குழப்பம்?" என்றாள் மார்லிஸ், சில்லிக் குழம்புக் கிண்ணத்தை வைக்க இடம் தேடிக்கொண்டே.

"கனமான குண்டு நீளமா இருக்கும். நெட்டைக் கூட்டுல வச்சா மொத்தத் தோட்டாவும் நீண்டுபோய் துப்பாக்கியோட தோட்டாப் பெட்டிக்குள்ள நுழையாது. அமுக்கி வச்சா குண்டோட வால் மருந்து இடத்தை அடைச்சுக்கும். குட்டைக் கூடுன்னா நுழையும். ஆனா அது குண்டா இருக்கும்."

"குண்டா?"

"குண்டு இல்ல. கூடு குண்டு. குண்டு ஒல்லி."

"குண்டு எப்படிப்பா ஒல்லியா இருக்கும்?"

"நெட்டையா இருக்கே."

"சரி, எதுல மருந்து ஜாஸ்தி?"

"நெட்டைக் கூட்டுல. ஆனா பின்னால உதைச்சுத் தோளை உடைக்கும்."

"நீ ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டியா?"

சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை கிளைட்டைக் கூப்பிட்டுக் குட்டைக் கூடு என்றேன். புதன்கிழமை நெட்டைக் கூடு. வெள்ளிக்கிழமை திரும்பவும் குட்டை. மார்ச் மாதம் கிளைட் சொன்னார்: "வெண்டெல், குழாயில துளை ஒரு தடவைதான் போட முடியும். நீ தீர்மானமா ஒரு வார்த்தை சொல்லு, இல்லாட்டி கூப்பிடாதே."

கூப்பிடவில்லை. குறிப்பேட்டில் கோடு போட்டேன், அழித்தேன். சனிக்கிழமைதோறும் மார்லிஸ், டெல்பர்ட்டின் மனைவி நடீனோடு எங்கேயோ போய்வந்தாள். வீடு அமைதியாக இருந்ததால் எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஜூனில் போட்டி. தூரக்கண்ணாடியோடு வேடிக்கை பார்க்கப் போனேன். டெல்பர்ட் பத்துக்கு ஏழு அடித்தான். அடுத்து வந்து படுத்தது மார்லிஸ். பக்கத்தில் என் பழைய துப்பாக்கி. அவள் கையில் இருந்த தோட்டாவைக் குனிந்து பார்த்தேன். நடுவாந்திரக் கூடு, அதன் வாயில் இதுவரை நான் பார்த்தேயிராத நீளத்துக்குக் கனத்த குண்டு.

"அது பெட்டிக்குள்ள நுழையாதே," என்றேன்.

"பெட்டிக்குள்ள யாரு போட்டா? ஒவ்வொண்ணா கையால வைக்கறேன். இங்க யாரு நம்மளை அவசரப்படுத்தறா? கிளைட் குழாயைப் பார்த்துட்டு தாராளமா சுடலாம்னாரு."

பத்துக்கு ஒன்பது. தகடு அடிவாங்கும் சத்தம் காற்றில் மெதுவாக மிதந்துவந்தது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

வண்டியில் வரும்போது குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னேன்: "மார்லிஸ், எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அந்தப் பழசே போதும். நீ வேணும்னா புதுசு செஞ்சுக்கோ."

"புதுசு செஞ்சாச்சு. நீ முடிவே சொல்லலைன்னு கிளைட் என்கிட்ட கேட்டாரு. குட்டைக் கூடு, தோள்ல வைக்கற கட்டை என் அளவுக்கு."

"நல்லதாப் போச்சு. பழசைக் குடு."

"அதை இப்பதான் நடீனுக்குக் குடுத்தேன். டெல்பர்ட்டுக்கும் கனத்த குண்டு ஆசை வந்து, எந்தக் கூடுன்னு பாக்க ஆரம்பிச்சிட்டான். சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வரான், மேஜையில அவனுக்கும் கொஞ்சம் இடம் விடு."