சௌத்ரி வீட்டு மருமகளா ஒரு சாயங்காலம்

குழந்தைக்குப் பால் வாங்கணும். அவ்வளவுதான் வேலை.

டில்லி முனிர்காவுல நாங்க குடியிருந்தது சௌத்ரி வீட்டு மாடியில. பாலும் அவங்க எருமைப் பால்தான். சொம்போட கீழ இறங்கினேன்.

"எருமை இன்னும் வரலை. யுனிவர்சிட்டிக்குள்ள மேயுது"ன்னாங்க சௌத்ரி சம்சாரம்.

நான் முழிச்சேன்.

"என்ன முழிக்கறே? அது எங்க கோதுமை வயல்! மேல கட்டடம் கட்டிட்டா எருமைக்குத் தெரியுமா? ஓட்டிவர அவரு போயிருக்காரு. அங்கயே கறந்து வாங்கிக்க. ஜல்தி!"

இடுப்புல பிள்ளை பசியில கத்துது. கிளம்பினேன்.

அந்த ஊர்ல பெரியவங்க எதிர்ல பொம்பளைங்க முந்தானையால முகத்தை மூடிக்கணும். என்னை மாதிரி கூச்சக்காரிக்கு இதைவிட சௌகரியம் உண்டா? தாடை வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டேன்.

யுனிவர்சிட்டி கேட்டுக்குள்ள பந்தல், மேளம்! ஒருத்தர் ஓடி வந்து, "சௌத்ரி வீடா?"ன்னார்.

ஹிந்தி காதுல ஏறும், வாய்ல வராது. வர்றது 'ஆமாங்க'ங்கற ஒண்ணே ஒண்ணுதான்.

"ஹாஞ்சி."

மாடியா, கீழயான்னு அவரும் கேக்கலை.

நேரா மேடையில ஏத்திட்டாங்க! நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அன்னிக்கு மரியாதையாம். சௌத்ரி மட்டும் கோவிச்சுக்கிட்டு வர மாட்டேன்னுட்டாராம்.

"சௌத்ரிஜி கோவம் தீர்ந்து மருமகளை அனுப்பியிருக்கார்!"னு மைக்குல புரொபசர். ஒரே கைதட்டல். என் தோள்ல ஒரு கம்பளிச் சால்வை.

நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். பிள்ளை வீல்னு அழுதுச்சு.

"பாவம், நிலம் போன துக்கம் இன்னும் ஆறலை"ன்னு புரொபசர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

போட்டோக்காரர், "முகத்தைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னார்.

"சௌத்ரி வீட்டுப் பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியா அது?"ன்னு முன்வரிசை மீசைக்காரர் எகிறினார். மூடினபடியே எடுத்தாங்க.

அந்த நேரம் பார்த்து எருமையோட வந்து நிக்கறார் சௌத்ரி!

"என் வீட்லேருந்து யாரு மேடை ஏறினது?"

செத்தேன்! இறங்கி ஓடி அவர்கிட்ட சொம்பை நீட்டினேன். சொம்பைப் பார்த்ததும் ஆளை அடையாளம் தெரிஞ்சு போச்சு. என்னைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார்.

"நல்ல கம்பளியா?"

"ஹாஞ்சி."

வாங்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டு, மேடை ஓரமாவே உக்கார்ந்து கறக்க ஆரம்பிச்சுட்டார்!

வாட்ச்மேன் ஓடி வந்தான். "இங்க கறக்கக் கூடாது!"

"என் வயல்ல நான் கறக்கறேன், உனக்கென்ன?"

அதுக்கும் கைதட்டினாங்க. எனக்குச் சொம்பு நிறையப் பால்.

அந்தப் போட்டோ இப்ப சௌத்ரி வீட்டுக் கூடத்துல தொங்குது. மருமகள் நல்ல லட்சணம்னு, வர்றவங்க எல்லாரும் சொல்றாங்களாம்.